நர்ஸம்மா கறியை விட்டது

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நர்ஸம்மா முதலில் கேட்பது, “பசிக்குது ஆத்தா, என்ன இருக்கு?” என்பதுதான். மாசமாக இருக்கும் பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, கண் இமையை இழுத்துப் பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகு. நிஜமாகவே பசித்திருக்கும் என்று சொல்ல முடியாது. முந்தின தெருவில் யாரோ கொடுத்த பணியாரத்தை அப்போதுதான் தின்று முடித்திருப்பார். ஆனாலும் கேட்பார். வந்ததைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வட்டிலை வழித்துச் சாப்பிடுவார். சாப்பிடும்போதே, “வாந்தி நின்னுருச்சா? கால் வீங்குதா?” என்று கேட்டுக்கொள்வார். கேட்கப்பட்ட பெண்ணுக்கும் பரிசோதனை நடக்கிறது என்றே தெரியாது.

பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. நானும் கூப்பிட்டதில்லை. அதனால் இங்கேயும் நர்ஸம்மாவாகவே இருக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் உத்தமபாளையத்தில் ஒரே வீட்டின் இரண்டு பகுதிகளில் நாங்கள் குடியிருந்தோம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவர் அரசாங்க நர்ஸ். கம்பம் ரோட்டில் பஸ்ஸில் போய் இறங்கி, சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்து போவார். என்னை விடச் சின்னவர் என்பதால் என்னை அக்கா என்பார். நான் நர்ஸம்மா என்பேன். இருவருக்கும் கல்யாணமாகவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

பின்கட்டு எங்கள் இருவருக்கும் பொது. அங்கே இரண்டு அடுப்புகள். நான் பெரியகுளத்துச் சைவக் குடும்பம். அவர் போடி பஜாரில் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். மீனோ கறியோ வாங்கி வரும் நாளில், “அக்கா, உங்க கதவைச் சாத்திக்கங்க, நான் ஆரம்பிக்கப் போறேன்” என்று குரல் கொடுப்பார். நான் சாத்துவேன். மசாலா வாசனை கதவிடுக்கில் வரத்தான் செய்யும். அப்படிச் சமைப்பார், அப்படி ரசித்துச் சாப்பிடுவார். எலும்பை உறிஞ்சும் சத்தம் என் அறை வரை கேட்கும்.

அவர் எல்லா வீட்டிலும் சாப்பிட்டதற்கு ருசி மட்டும் காரணமில்லை. அவருக்கு முன்னால் இருந்த நர்ஸ் காலனிக்குள் போவாராம், ஊசி போடுவாராம், தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டாராம். யாராவது ஒரு வாய் காப்பி கொடுத்தால், “வயிறு சரியில்ல” என்பாராம். ஊர்த் தெருவில் அதே வயிறு நன்றாக இருக்கும். காலனிப் பெண்களுக்கு இது தெரியாமல் போகுமா? அந்த நர்ஸ் வரும் நாளில் வாழைத் தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார்களாம். வலி வந்தாலும் சொல்லி அனுப்புவதில்லை. தாயும் பிள்ளையுமாகச் செத்ததும் உண்டு. நர்ஸம்மா வேலைக்கு வந்த புதிதில் காலனியில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, என்ன இருக்கு என்று கேட்டிருக்கிறார். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாராம். அடுத்த வாரத்திலிருந்து ஒளிவதற்கு யாரும் தோட்டத்துக்குப் போகவில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் கறி பிடிக்காமல் போனது.

ஒரு பிரசவத்திலிருந்து விடிந்து வெகு நேரம் கழித்து வந்தார். குழந்தை கால் முன்னால் வந்திருக்கிறது. வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக நேரமில்லை. கணுக்காலைப் பிடித்து, மெல்ல மெல்லத் திருப்பி, உயிரோடு எடுத்துவிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அன்று ஞாயிற்றுக்கிழமை. வரும் வழியில் பஜாரில் சுட்டு வைத்திருந்த ஆட்டுக்கால் வாங்கி வந்திருந்தார். குளித்துவிட்டுச் சூப் வைத்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெகு நேரமாக உறிஞ்சும் சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். வட்டிலில் ஒரு காலை எடுத்து, கணுவில் விரல் வைத்து, முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன நர்ஸம்மா?”

“ஒண்ணுமில்ல அக்கா. காலையில பிடிச்ச காலும் இப்படித்தான் மடங்குச்சு.”

அதை வட்டிலிலேயே வைத்துவிட்டார். சூப் பக்கத்து வீட்டுக்குப் போனது.

அதோடு விட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை. வீட்டில் சமைப்பதை நிறுத்தினார். என் பருப்புக்கும் ரசத்துக்கும் வந்து உட்கார்ந்தார். ஆனால் வெளியே போகிற இடத்தில், இலையில் விழுந்ததை மறுக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தார். வந்து இரண்டு வாய் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

“பிடிக்கலைன்னா விட்டுட வேண்டியதுதானே” என்றேன் ஒரு நாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஒரு ஆள் நம் பக்கம் வருகிறார் என்று.

“உங்களுக்கு லேசு அக்கா. நீங்க விடல. உங்க வீட்டுல எப்பவோ விட்டாக. நீங்க அப்படியே பிறந்துட்டீக.”

“அதுனால?”

“நான் விட்டா, நானாத்தான விடணும். எதுக்கு விடுறேன்னு எனக்கே இன்னும் முழுசாப் பிடிபடல. பாவம்னு விடுறேனா, அருவருத்துக்கிட்டு விடுறேனா? அருவருப்புன்னா நாளைக்குப் போயிரும். அப்பத் திரும்பத் திம்பேன். அது கேவலமில்ல?”

இதையெல்லாம் தட்டில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார். எதையும் அவசரமாகச் செய்யமாட்டார். சேலை எடுக்கப் போனால்கூட இரண்டு கடை பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து, மறுவாரம் போய் முதல் கடையிலேயே எடுப்பார்.

போடியிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். கையில் கருவாட்டுப் பொட்டலம். தங்கை அதை வாங்கி ஓரமாக வைத்ததைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் அவர் பார்வை என் பக்கம் திரும்பியது.

“சைவக்காரக கூடச் சேர்ந்து இப்படி ஆயிட்டியா? கிறிஸ்மஸுக்கு வீட்டுல எல்லாரும் பிரியாணி சாப்பிட, நீ மட்டும் தயிர்ச்சோறா? சபையில என்ன பேசுவாக தெரியுமா?”

“சபையில கறி திங்கச் சொல்லி எந்தப் பாட்டும் பாடலையேண்ணே” என்றார் நர்ஸம்மா.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கிளம்பும்போது, “யோசிச்சுச் செய்யி. நம்ம ஆளுக தப்பா எடுத்துக்குவாக” என்றார். கருவாட்டை அவரே திரும்ப எடுத்துக்கொண்டு போனார். சபைக்காரர்களைப் பற்றி நர்ஸம்மா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரிந்தது காலனியில்.

எனக்கு வார விடுமுறை. சும்மா இருப்பதற்கு வாங்க என்று கூட்டிக்கொண்டு போனார். காலனியில் ஒரு மருமகளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிள்ளையை நர்ஸம்மா காப்பாற்றிக் கொடுத்திருந்தார். பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்திருந்தது, பார்க்கப் போனோம். மாமியார்க் கிழவி எங்களைப் பார்த்ததும் ஓடிப் போய்ப் பாய் விரித்தார். அடுப்பில் குழம்பு கொதித்தது. முட்டை வைத்துக்கொண்டிருந்த கோழியை அடித்திருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் வைக்கவில்லை. நான் சாப்பிட மாட்டேன் என்பதை என்னைப் பார்த்ததுமே அவர்களாகப் புரிந்துகொண்டார்கள். ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். நர்ஸம்மாவுக்கு வட்டில் நிறையச் சோறும் கறியும் வந்தன. அவர் வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆத்தா, நான் கறி திங்கிறதக் கொஞ்சம் விட்டிருக்கேன்...”

கிழவியின் முகத்தில் பெரிதாக மாற்றம் ஏதும் இல்லை. சிரிப்பு மட்டும் நின்றது. “சரி தாயி” என்று வட்டிலை எடுக்கக் குனிந்தார். “முன்னால இருந்த நர்ஸும் வயிறு சரியில்லன்னுதான் சொல்லுவாக. நீங்க வேற மாதிரின்னு நெனச்சுட்டோம். நெனச்சது எங்க தப்பு.”

நர்ஸம்மா வட்டிலைப் பிடித்துக்கொண்டார். “யாரு வேணாம்னது? கொஞ்சம் விட்டிருக்கேன்னுதான சொன்னேன். முழுசா விடலையே” என்றார். சோற்றைப் பிசைந்து, கறியை எடுத்து, எலும்போடு கடித்துச் சாப்பிட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார். கிழவிக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. மருமகள் பிள்ளையைக் கொண்டுவந்து நர்ஸம்மாவின் மடியில் போட்டாள்.

பஸ்ஸுக்கு நடந்து வரும்போது வாய்க்கால் ஓரத்தில் நின்றுவிட்டார். வாந்தி வரும்போல இருக்கிறது என்றார். வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டார்.

“பார்த்தீகளா அக்கா? தின்னா எனக்குப் பொறுக்கல. திங்கலைன்னா அவுகளுக்குப் பொறுக்கல.”

“டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டாருன்னு சொல்லுங்களேன்.”

“அது வயிறு சரியில்லங்கிறதோட தம்பிதான. உடனே கண்டுபிடிச்சிருவாக.”

அதன் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் கேட்டாலும், பார்ப்போம் என்றார்.

காலனியை ஒட்டிய ஊரில் பெரிய வீடு என்று ஒன்று இருந்தது. வயல், தென்னந்தோப்பு, ஜீப் எல்லாம் உள்ள வீடு. காலனி ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அந்த வீட்டுப் பேரனுக்குக் காது குத்து வந்தது. கிடா வெட்டிச் சாப்பாடு. பேரனைப் பிறக்க வைத்தவர் என்பதால் நர்ஸம்மாவுக்குத் தனி மரியாதை. ஜீப் அனுப்பியிருந்தார்கள். என்னையும் கூட அழைத்துக்கொண்டார்.

தோப்பில் பந்தல். முதல் பந்தியில் எங்களை உட்கார வைத்தார்கள். காலனி ஆட்கள் தங்கள் முறைக்காகத் தென்னை மரங்களின் அடியில் நின்றுகொண்டிருந்தார்கள். கிழவியும் மருமகளும்கூட நின்றார்கள். அந்த வீட்டுப் பெரியவர் தானே வாளியோடு பரிமாற வந்தார். நர்ஸம்மாவின் இலைக்கு வந்து கரண்டியைக் கறிக்குள் விட்டபோது, அவர் இலையின் மேல் கையை வைத்து மறைத்தார்.

“கறி வேணாங்கய்யா. நான் கறி சாப்பிடுறத விட்டுட்டேன்.”

அவர் குரல் எப்போதுமே கொஞ்சம் உரக்க இருக்கும். அன்று இன்னும் உரக்க இருந்தது.

பெரியவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். “எப்ப இருந்து?”

“இன்னையில இருந்து.”

“விடுறதுக்கு எங்க வீடுதான் கெடச்சுதா?”

“நல்ல காரியம் நடக்குற வீடு. இங்கன ஆரம்பிச்சா நிலைக்கும்னு தோணுச்சுங்கய்யா.”

பெரியவர் கரண்டியை வாளிக்குள் போட்டார். வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் வெறும் சோறும் ரசமும் ரொம்பத் தாமதமாக வந்தன. திரும்பிப் போக ஜீப் வரவில்லை. ரோடு வரை நடந்தோம்.

“இவ்வளவு பேருக்கு முன்னால சொல்லணுமா?” என்றேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பெரியவர் நினைத்தால் மாற்றல் வாங்கிக் கொடுத்துவிட முடியும்.

“முதல்ல பெரிய வீட்டுல சொன்னாத்தான் அக்கா, அப்புறம் காலனியில சொல்ல முடியும்.”

மாற்றல் அப்போது வரவில்லை. பல வருஷம் கழித்து ஆண்டிபட்டிப் பக்கம் போனது வழக்கமான மாற்றல்தான். ஆனால் பெரியவர் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுகாதார நிலையத்து டாக்டரிடம், உங்க நர்ஸுக்கு மரியாதை தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் கூப்பிட்டுக் கேட்டார். கறி சாப்பிடவில்லை என்பதற்கு எந்த விதியில் நடவடிக்கை எடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த முறை காலனிக்குப் போனபோது கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பெரிய வீட்டுக் கறியவே வேணாம்னுட்டீகளாம்ல தாயி. அங்கனதான நின்னோம், பார்த்தோம்.” சொல்லிக்கொண்டே உள்ளே போய்ப் பானையிலிருந்து கேப்பைக் கூழை மோந்து, வெங்காயத்தோடு கொண்டு வந்து வைத்தார். நர்ஸம்மா குடித்தார். என்னையும் பார்த்தார்கள். எனக்கு மறுக்கக் காரணம் ஏதும் இல்லை. நானும் குடித்தேன். புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு வருஷம் போல நன்றாகத்தான் போனது. கருவாட்டு வாசனை வந்தால் மட்டும் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். “ஆசை போகல அக்கா. ஆனா திங்கணும்னு தோணல” என்பார். எதுக்கு விட்டோம் என்பது பிடிபட்டுவிட்டதா என்று ஒரு முறை கேட்டேன். “பாதி பிடிபட்டுருச்சு” என்றார்.

ஒரு நாள் பெரிய வீட்டு ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. பேரனைப் பெற்ற அந்த மருமகள் மறுபடி மாசமாக இருக்கிறாள், உடனே வரச் சொன்னார்கள் என்றார் டிரைவர். நர்ஸம்மா துணைக்கு என்னையும் கூப்பிட்டார்.

பெரியவர் வாசலிலேயே நின்றார். வணக்கம் எல்லாம் இல்லை.

“நீங்க கறிய விட்டீக. எம் மருமகளும் விட்டுருச்சு. நர்ஸம்மாவே விட்டுட்டாக, அப்ப அது பாவமாத்தான் இருக்கும்னு சொல்லுது. முட்டை கெடையாது, மீனு கெடையாது. இப்ப எந்திரிச்சு நிக்க முடியாமக் கெடக்கு. போய்ப் பாருங்க.”

நர்ஸம்மா உள்ளே போனார். அன்று என்ன இருக்கு என்று கேட்கவில்லை. கட்டிலில் அந்தப் பெண் கிடந்தாள். நர்ஸம்மா இமையை இழுத்துப் பார்த்தார். எனக்கே தெரிந்தது, உள்ளே சிவப்பே இல்லை. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் அத்தனையும் வாந்தியாகப் போகிறது என்றார் மாமியார். கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்துப் பார்த்தார்களாம், போதவில்லை. பெரியகுளத்தில் பெரிய டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்றார் நர்ஸம்மா. பிறகு, “ஆட்டு ஈரல் வாங்கிட்டு வரச் சொல்லுங்க” என்றார்.

அவரே அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, ஈரலை மிளகு போட்டு வதக்கினார். ஒரு வருஷத்துக்குப் பிறகும் கை பழக்கம் மறக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீங்க திங்காததை என்னைய ஏன் திங்கச் சொல்றீக?”

“எனக்கு ரத்தம் இருக்கு. உனக்கு இல்ல.”

“பாவம்னுதான நீங்க விட்டீக? அந்தப் பாவம் எனக்கு மட்டும் வரலாமா?”

அவள் துடுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். நர்ஸம்மா கிண்ணத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாகக் காப்பாற்றியது. வாசல்படியில் பெரியவர் வேறு நிற்கிறார்.

நர்ஸம்மா ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டார். நன்றாக மென்று விழுங்கினார்.

“சரி. ரெண்டு பேருக்கும் சேர்ந்து வரட்டும்” என்றார். அடுத்த துண்டை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

அவள் வாயைத் திறந்தாள். நர்ஸம்மா ஒன்று, அவள் ஒன்று என்று கொஞ்ச தூரம் போனது. பிறகு அவளே கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் வேண்டாம் என்றவர்தானே என்று பெரியவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, “நர்ஸம்மாவுக்குக் கை கழுவத் தண்ணி குடு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஜீப்பில் திரும்பும் வழியெல்லாம் நர்ஸம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தார்.

பெரிய டாக்டர் ஊசிக்கு ஏற்பாடு செய்தார். அந்தப் பெண் தேறினாள். அதன் பிறகு நர்ஸம்மா கறி தொட்டதாக நான் அறியவில்லை. ஆனால் ஊருக்குள் விஷயம் பரவாமல் இருக்குமா?

காலனிக்குப் போனோம். கிழவி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“பெரிய வீட்டுல ஈரல் தின்னீகளாம்ல தாயி?”

“ஆமா ஆத்தா, தின்னேன்.”

“அப்ப எங்க வீட்டுல?”

நர்ஸம்மா கிழவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பையைக் கீழே வைத்தார்.

“அந்தப் பிள்ளைக்கு ரத்தமே இல்ல ஆத்தா. நான் தின்னாத்தான் திம்பேன்னுச்சு. உம் மருமகளுக்கு அந்த நெலமை வந்தா இங்கன உக்காந்தும் திம்பேன்.”

கிழவி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். உள்ளே மருமகள் பிள்ளையோடு ஏதோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“அப்படின்னா,” என்றார் கிழவி, கூழ் மோந்து வர முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி, “நீங்க எங்க வீட்டுல ஒரு நாளும் கறி திங்க வேணாம் தாயி.”